ஜூமோ 004 எதிர் காப்ளின்: முதல் தலைமுறை ஜெட் இன்ஜின்களில் என் ஓட்டு யாருக்கு?

பாலிடெக்னிக் ஆய்வகத்துக்குப் பாதி வெட்டிய ஜெட் இன்ஜின் மாதிரி ஒன்று செய்ய வேண்டும், அதுவும் ராணுவ ஜெட்டுகளின் முதல் தலைமுறையிலிருந்து வேண்டும் என்று முடிவானது. எந்த இன்ஜின் என்பதை என்னிடம் விட்டுவிட்டார்கள். மாணவர்களில் முக்கால்வாசிப் பேர் ஜெர்மனியின் ஜங்கர்ஸ் ஜூமோ 004 என்றார்கள். நான் பிரிட்டனின் டி ஹாவிலண்ட் காப்ளினை எடுத்தேன். "என்ன சார், உலகமே ஆக்ஸியல் பக்கம் போயாச்சு, நீங்க பழைய உருண்டையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க?" என்று ஒருவன் கேட்டான். நியாயமான கேள்விதான். காற்றை நேராகப் பின்னுக்குத் தள்ளி அடுக்கடுக்காக அழுத்துவது ஆக்ஸியல் ரகம்; ஒரே சக்கரத்தால் விளிம்புக்கு வீசி அழுத்துவது அவன் சொன்ன 'உருண்டை', அதாவது மையவிலக்கு ரகம். அவனுக்குச் சொன்ன பதிலைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். நான் காப்ளின் கட்சி என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எல்லாருக்கும் தெரிந்ததை வேகமாகக் கடந்துவிடலாம். ஜெட் விமானத்தில் முதலில் பறந்தது ஜெர்மனி: 1939 ஆகஸ்ட் 27, ஹெய்ன்கல் 178, ஹான்ஸ் ஃபான் ஓஹைனின் இன்ஜின். காப்புரிமையில் முந்தியவர் பிரிட்டனின் ஃபிராங்க் விட்டில், 1930-லேயே விண்ணப்பித்தார். ஐந்து பவுண்டு புதுப்பிப்புக் கட்டணம் கட்ட முடியாமல் 1935-ல் அந்தக் காப்புரிமை காலாவதியானது. இருந்தும் 1937 ஏப்ரலில் அவர் இன்ஜின் சோதனை மேடையில் ஓடிவிட்டது. இந்த இரண்டு பேருடைய கதையையும் இணையத்தில் ஆயிரம் பேர் எழுதிவிட்டார்கள். எனக்கு அவர்களுக்கு அடுத்து வந்த இரண்டு பேர்தான் முக்கியம். ஜூமோவை வடிவமைத்த ஆன்செல்ம் ஃபிரான்ஸ் ஒருவர், காப்ளினை வடிவமைத்த ஃபிராங்க் ஹால்ஃபோர்ட் இன்னொருவர். இருவருமே புதுமைக்காக உயிரை விடுகிறவர்கள் இல்லை. சீக்கிரம் ஓடுகிற, தொழிற்சாலையில் செய்யக்கூடிய இன்ஜின் வேண்டும் என்று உட்கார்ந்தவர்கள்.

முதலில் ஜூமோ. ஃபிரான்ஸ் 1939-ல் வேலையைத் தொடங்கினார், 1940 அக்டோபரில் முதல் இன்ஜின் ஓடியது. காற்றை அழுத்தும் எட்டு அடுக்கு ஆக்ஸியல் கம்ப்ரஸர், அதன் பின்னால் வட்டமாக ஆறு எரியறைகள், சூடான வாயுவில் சுழன்று கம்ப்ரஸரை ஓட்டும் ஒரே அடுக்கு டர்பைன், கடைசியில் முன்னும் பின்னும் நகரும் கூம்பு. ஜெர்மன்காரர்கள் அந்தக் கூம்பை 'வெங்காயம்' என்றே அழைத்தார்கள். காற்று நேராக உள்ளே போய் நேராக வெளியே வருகிறது. 1942 ஜூலை 18 அன்று லைப்ஹைமில் சோதனை விமானி ஃபிரிட்ஸ் வெண்டல் மெஸ்ஸர்ஷ்மிட் 262 போர் விமானத்தை இரண்டு ஜூமோக்களின் பலத்தில் மட்டும் கிளப்பினார். அதற்கு முன் மார்ச் மாதம் பி.எம்.டபிள்யூ. 003 இன்ஜின்களைப் போட்டுப் பார்த்தபோது அவை பழுதாகி, மூக்கில் முன்னெச்சரிக்கையாக வைத்திருந்த பிஸ்டன் இன்ஜின்தான் வெண்டலைத் தரையிறக்கியது. ஆக, ஜூமோதான் அந்த விமானத்தைக் காப்பாற்றியது. உடல் மெலிந்து இருப்பதால் இறக்கைக்குக் கீழே தொங்கவிட வசதி. கழற்றி மாட்டவும் சுலபம். மூக்குக் கூம்புக்குள் ரீடல் என்ற இரண்டு சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக் மோட்டார் உட்கார்ந்திருக்கும். அதை மின்சாரத்தில் கிளப்பலாம், இல்லாவிட்டால் முன்னால் இருக்கும் வளையத்தைப் பிடித்துக் கயிற்றை இழுத்தும் கிளப்பலாம். மாணவர்களுக்கு இந்த ஒரு விஷயமே போதுமாக இருந்தது.

இதே ஜூமோவைப் போட்டு அராடோ 234 என்ற விமானமும் பறந்தது. 1944 ஆகஸ்ட் தொடக்கத்தில் நார்மண்டி கரை முழுவதையும் ஒரே ஆளாகப் படமெடுத்துவிட்டுத் திரும்பியது. பிடிக்க யாராலும் முடியவில்லை. இந்தப் பெருமைகளில் எதையும் நான் மறுக்கவில்லை.

காப்ளின் வேறு வழியில் போனது. ஹால்ஃபோர்ட், விட்டிலின் அடிப்படையையே எடுத்துக்கொண்டார்: மையவிலக்கு கம்ப்ரஸர். கிணற்று மோட்டார் பம்பைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு இந்த இம்பெல்லரை விளக்க வேண்டியதில்லை. நடுவில் உள்ளே போவது, விளிம்பில் அழுத்தத்தோடு வெளியேறும். ஆனால் விட்டிலின் இன்ஜினில் இம்பெல்லருக்கு இரண்டு பக்கமும் காற்று நுழையும். எரியறைக்குள் காற்று பின்னால் போய், திரும்பி முன்னால் வந்து, மறுபடி திரும்பி வெளியேறும். ஹால்ஃபோர்ட் இரண்டு சிக்கலையும் வெட்டினார். ஒரு பக்கம் மட்டும் காற்று நுழைகிற இம்பெல்லர், நேராகப் பின்னால் போகிற பதினாறு எரியறைகள், ஒரே அடுக்கு டர்பைன். அவ்வளவுதான் இன்ஜின். 1942 ஏப்ரல் 13 அன்று ஓடியது.

அதன் பிறகு நடந்தது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பிரிட்டனின் முதல் ஜெட் போர் விமானம் என்று எல்லாரும் சொல்லும் குளோஸ்டர் மீட்டியோர் 1943 மார்ச் 5 அன்று முதன்முதலில் பறந்தபோது அதில் இருந்தது ரோல்ஸ்-ராய்ஸ் இல்லை, ஹால்ஃபோர்டின் இன்ஜின்தான். அதற்கென்று ஒதுக்கிய விட்டில் வழி இன்ஜின் இன்னும் தயாராகவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் டி ஹாவிலண்டின் சொந்த விமானமான வாம்பயர் பறந்தது. அமெரிக்காவின் லாக்ஹீட் எக்ஸ்பி-80-க்கும் இதே இன்ஜினை அனுப்பினார்கள். அங்கே தரைச் சோதனையில் காற்று நுழைகுழாய் உள்வாங்கி நசுங்கியதில் வந்த இன்ஜின் பாழானது. இரண்டாவது வாம்பயருக்கு வைத்திருந்த இன்ஜினை எடுத்து அனுப்பினார்கள். 1944 ஜனவரி 8 அன்று எக்ஸ்பி-80 பறந்தது, பிறகு மணிக்கு 500 மைலைத் தாண்டியது. அமெரிக்க விமானம் ஒன்று மட்டப் பறப்பில் அந்த வேகத்தைத் தொட்டது அதுவே முதல் முறை.

சரி, எண்களுக்கு வருவோம். ஜூமோ 004பி சுமார் 720 கிலோ எடை, 900 கிலோ உந்துவிசை. காப்ளின் 2 சுமார் 700 கிலோ எடை, 1,360 கிலோ உந்துவிசை. கிட்டத்தட்ட ஒரே எடையில் ஒன்றரை மடங்கு தள்ளுகிறது. குறுக்களவில் காப்ளின் தோற்கும்: 1.27 மீட்டர், ஜூமோவோ சுமார் 0.8 மீட்டர்தான். காற்று அழுத்த விகிதத்தைப் பாருங்கள். எட்டு அடுக்கு வைத்த ஜூமோ 3.1 மடங்கு, ஒரே இம்பெல்லர் வைத்த காப்ளின் 3.3 மடங்கு. எட்டு அடுக்கு பிளேடுகளையும் அவற்றுக்கு இடையில் நிலையான பிளேடுகளையும் வரிசை வரிசையாகக் கோத்து எட்டிய இடத்தை, ஒரே அலுமினியக் கலவைச் சக்கரம் தாண்டிவிட்டது. ஆக்ஸியல்தான் நவீனம் என்பது பிற்கால ஆக்ஸியலைப் பார்த்து நாம் சொல்வது. 1944-ன் ஆக்ஸியல் இன்னும் பால்பல் விழாத குழந்தை.

ஒரு ஆட்சேபம் வரும்: காப்ளின் 2 போர் முடிந்த காலத்து இன்ஜின், அதை 1944-ன் ஜூமோவோடு நிறுத்துவது நியாயமா? பாதி நியாயம். 1943-ல் பறந்த ஹால்ஃபோர்ட் இன்ஜின் இவ்வளவு தள்ளவில்லை. வாம்பயர் படையில் சேர்ந்ததும் 1946-ல்தான், அந்தப் போரில் எதிரியைப் பார்த்ததே இல்லை. ஜூமோ குண்டு மழைக்கு நடுவில் தயாரானது. அதனால் உந்துவிசையை வைத்து நான் தீர்ப்பு எழுத மாட்டேன். என் தீர்ப்பு வேறொன்றில் நிற்கிறது. நான் விமான இன்ஜின் பராமரிப்பில் இருந்தவன். எனக்கு எந்த இன்ஜினிடமும் முதல் கேள்வி, நீ எத்தனை மணி நேரம் இறக்கையில் இருப்பாய் என்பதுதான்.

ஜூமோ 004பி-யின் ஆயுள் 10 முதல் 25 மணி நேரம். பொறுமையான கை கொண்ட விமானி கிடைத்தால் இன்னும் கொஞ்சம் இழுக்கலாம். காப்ளினின் நெருங்கிய உறவினரான ரோல்ஸ்-ராய்ஸ் வெல்லண்ட், அதே 1943-44-ல் உற்பத்திக்கு வந்தபோதே 180 மணி நேரத்துக்கு ஒருமுறை ஓவர்ஹால் (முழுதாகப் பிரித்துப் பழுதுபார்ப்பது) என்ற கணக்கோடு வந்தது. 1944 ஜூலையில் பிரிட்டிஷ் விமானப்படையின் 616-ம் ஸ்குவாட்ரன் மீட்டியோர்களில் அதைத்தான் பறக்கவிட்டது. இந்த இரண்டு எண்களையும் ஹேங்கரில் வைத்துப் பாருங்கள். இரட்டை இன்ஜின் விமானம் ஒன்று 100 மணி நேரம் பறக்க வேண்டும். 25 மணி நேரக் கணக்கில் ஜூமோ எட்டு இன்ஜின் தின்னும். 10 மணி நேரக் கணக்கில் இருபது. வெல்லண்ட் என்றால் மாட்டிய இரண்டே போதும், இன்னும் 80 மணி நேரம் மிச்சம் இருக்கும்.

இதையே உற்பத்திக் கணக்கிலும் பார்க்கலாம். ஜூமோ 004 மொத்தம் 8,000 அளவில் செய்யப்பட்டன. மெஸ்ஸர்ஷ்மிட் 262 சுமார் 1,430, அராடோ 234 இருநூற்றுச் சொச்சம். இரண்டுக்கும் விமானத்துக்கு இரண்டு இன்ஜின் என்று பார்த்தால் 3,300 போதும். மீதி எல்லாம் மாற்று இன்ஜின்களும் எதிலும் ஏறாமல் கிடந்தவையும்தான். ஓர் இன்ஜினைச் செய்வது சுலபம் என்று பெருமை பேசலாம். ஆனால் விமானத்துக்கு ஐந்து செய்ய வேண்டியிருந்தால் அந்தச் சுலபம் எங்கே போய் முடிகிறது?

அந்தச் 'சுலபத்துக்கு' இன்னொரு பக்கமும் உண்டு. நார்ட்ஹவுசன் அருகே மலைக்குள் குடைந்த சுரங்கங்களில் இந்த இன்ஜின்கள் தயாரானபோது, அங்கே உழைத்தவர்கள் மிட்டல்பாவ்-டோரா என்ற நாஜி வதைமுகாமின் கைதிகள். குறைந்த செலவு, தொழிலாளிக்குக் குறைந்த திறன் போதும் என்று ஜூமோவைப் புகழ்பவர்கள் இதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

ஏன் இவ்வளவு குறைந்த ஆயுள்? ஃபிரான்ஸுக்கு அறிவு குறைவா? இல்லவே இல்லை. கையில் உலோகம் இல்லை. டர்பைன் பிளேடு செந்தணலாகக் காய்ந்த நிலையில், நிமிடத்துக்கு 8,700 சுற்றில் வெளியே இழுக்கப்படுகிறது. அந்தச் சூட்டில் சாதாரண எஃகு மெல்ல நீண்டுகொண்டே போகும். எங்கள் பாஷையில் க்ரீப். நீண்ட பிளேடு உறையில் உரசும், அல்லது விரிசல் விடும். இதைத் தடுக்க நிக்கலும் குரோமியமும் நிறைந்த கலவை வேண்டும். முதலில் வந்த 004ஏ-வை ஃபிரான்ஸ் அப்படித்தான் செய்தார். ஆனால் படைக்கு ஆயிரக்கணக்கில் செய்ய வேண்டுமென்றபோது நிக்கல் கிடையாது, குரோமியம் கிராம் கணக்கு. 1944 ஏப்ரலில் துருக்கி குரோமியத்தை நிறுத்தியது. அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் பின்லாந்தின் பெட்சாமோ நிக்கல் சுரங்கங்களும் கைவிட்டுப் போயின.

அதனால் 004பி-யில் எரியறைகளைச் சாதாரண எஃகுத் தகட்டில் செய்து மேலே அலுமினியம் பூசினார்கள். மொத்த இன்ஜினுக்கும் குரோமியம் இரண்டே கால் கிலோவுக்குள். பிளேடுகளை உள்ளே குழலாக்கி, கம்ப்ரஸரிலிருந்து காற்றைத் திருடி அதற்குள் ஓடவிட்டுக் குளிர்வித்தார்கள். பிற்பாடு நிக்கலே இல்லாத, மாங்கனீஸ் கலந்த குரோமாடூர் என்ற தகட்டை மடித்து, விளிம்பில் வெல்டிங் செய்தே பிளேடு ஆக்கினார்கள். உள்ளே காற்று ஓடும் பிளேடு இன்றைக்குப் பெரிய ஜெட் இன்ஜின்களில் இருக்கிறது. ஜெர்மனியில் அது பஞ்சத்தில் பிறந்த யோசனை. தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் இதைப் பற்றிப் பேச வேண்டும்.

இதோடு அதிர்வுத் தொல்லை வேறு. 1943-ல் முழு வேகத்தில் பிளேடுகள் உடைய ஆரம்பித்தன. ஆறு எரியறைகள் இருப்பதால் ஒவ்வொரு பிளேடும் ஒரு சுற்றுக்கு ஆறு தடவை தட்டு வாங்குகிறது, அது பிளேடின் சொந்த அதிர்வோடு ஒத்துப்போகிறது என்று பொறியாளர் மாக்ஸ் பென்டலே கண்டுபிடித்தார். நல்ல சுருதி ஞானம் உள்ள இசைக்காரர் ஒருவரை அழைத்து, வயலின் வில்லால் பிளேடைத் தேய்த்து எழும் சுருதியைக் கேட்டுச் சொல்லச் சொன்னார்கள் என்பது இந்த இன்ஜினைச் சுற்றியுள்ள பிரபலமான கதை. முடிவில் பிளேடைச் சற்றுக் குட்டையாக்கி, உச்ச சுற்றை 9,000-லிருந்து 8,700-க்கு இறக்கினார்கள்.

பிரிட்டன் பக்கம் இந்தத் தலைவலியே இல்லை என்று சொல்ல மாட்டேன். விட்டிலின் டர்பைன்களும் உடைந்திருக்கின்றன. ஆனால் கனடாவின் நிக்கல் தடையில்லாமல் வந்துகொண்டிருந்தது. நிமோனிக் 80 என்ற நிக்கல்-குரோமியக் கலவை 1940-களின் தொடக்கத்திலேயே பிளேடுக்குக் கிடைத்துவிட்டது. அதனால் என் ஒப்பீட்டில் ஒரு பகுதி இன்ஜினுக்கு இன்ஜின் இல்லை, கப்பல் பாதைக்குக் கப்பல் பாதை. இதை ஒப்புக்கொள்கிறேன். ஜூமோவுக்கு நிமோனிக் கொடுத்திருந்தால் ஆயுள் பல மடங்கு கூடியிருக்கும். அப்போதும் காப்ளினை மிஞ்சியிருக்குமா? எனக்குச் சந்தேகம்தான். ஏனென்றால் ஆயுள் உலோகத்தோடு மட்டும் முடியவில்லை, எரிபொருளைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலிலும் இருந்தது.

ஜூமோவின் த்ராட்டிலைச் சட்டென்று தள்ளக்கூடாது. எரிபொருள் உடனே பாயும், சுழலி மெதுவாகத்தான் வேகம் எடுக்கும், காற்று போதாமல் டர்பைனில் சூடு எகிறும். பிளேடு வெந்துவிடும், அல்லது இன்ஜின் அணைந்துவிடும். இதனால் மெஸ்ஸர்ஷ்மிட் விமானி தரையிறங்க வரும்போது கையறு நிலையில் இருப்பார். திரும்ப மேலே ஏற நினைத்தாலும் இன்ஜின் உடனே கேட்காது. அமெரிக்க மஸ்டாங் போர் விமானங்கள் இதைத் தெரிந்துகொண்டு ஓடுபாதைகளுக்குப் பக்கத்திலேயே சுற்றின. மியூனிக்-ரீமில் ஜெட் விமானங்கள் இறங்கி ஏறும்போது காவல் காக்கப் பிஸ்டன் இன்ஜின் ஃபோக்கே-வுல்ஃப்களை ஜெர்மனி நிறுத்த வேண்டியிருந்தது.

காப்ளினும் உடனே துள்ளிக் குதிக்கிற இன்ஜின் இல்லை. முதல் தலைமுறை ஜெட் எதுவுமே அப்படி இல்லை. ஆனால் மையவிலக்கு கம்ப்ரஸர் தாறுமாறான காற்றையும் கரடுமுரடான கையாளலையும் கூடுதலாகப் பொறுத்துக்கொள்ளும். 1945 டிசம்பர் 3 அன்று பிரிட்டிஷ் சோதனை விமானி எரிக் பிரவுன் வாம்பயரை ஹெச்.எம்.எஸ். ஓஷன் கப்பலின் தளத்தில் இறக்கினார். விமானம் தாங்கிக் கப்பலில் முழு ஜெட் விமானம் ஒன்று இறங்கியது அதுதான் முதல் முறை. கப்பலில் இறங்குவது என்றால் கடைசி நொடி வரை த்ராட்டிலோடு பேசிக்கொண்டே வர வேண்டும். கைப்பற்றிய மெஸ்ஸர்ஷ்மிட் 262-ஐயும் ஓட்டிப் பார்த்த அதே பிரவுன், அந்த விமானத்தைப் போரின் மிக வலிமையான விமானம் என்று மதித்தவர். விமானத்தைப் பற்றி நானும் அப்படித்தான் நினைக்கிறேன். குறை இன்ஜினில் இருந்தது.

என் பக்கத்துச் சாட்சியில் வலுவானது மாஸ்கோவில் இருக்கிறது. போர் முடிந்ததும் சோவியத் யூனியனிடம் ஜூமோ இருந்தது, பி.எம்.டபிள்யூ. 003 இருந்தது, ஜெர்மன் பொறியாளர்களும் இருந்தார்கள். ஜூமோவை ஆர்டி-10 என்ற பெயரில் செய்து யாக்-15-ல் பறக்கவும் விட்டார்கள். 1946-ல் பிரிட்டிஷ் அரசு ரோல்ஸ்-ராய்ஸ் நீன், டெர்வென்ட் இரண்டையும் விற்கச் சம்மதித்தது. இரண்டுமே மையவிலக்கு ரகம். இரண்டு ரகத்தையும் மேஜையில் வைத்துப் பார்த்த சோவியத் பொறியாளர்கள் மிக்-15-க்கு நீனின் நகலைத்தான் போட்டார்கள். கொரியப் போரில் அந்த மிக்-கை எதிர்த்துப் பறந்த அமெரிக்கக் கடற்படையின் பேந்தரிலும் உரிமம் பெற்றுச் செய்த நீன்தான் இருந்தது. வேடிக்கைதான்.

காப்ளினின் சொந்த வாழ்க்கையும் மோசமில்லை. வாம்பயர் மூவாயிரத்துக்கு மேல் செய்யப்பட்டது. ஸ்வீடன் தன் சாப் 21-ஐ ஜெட்டாக மாற்றியபோது காப்ளினைத்தான் வைத்தது. 1948-ல் வாம்பயர்கள் அட்லாண்டிக்கைக் கடந்தன, ஜெட் விமானங்களில் அவைதான் முதல். இந்திய விமானப்படையின் முதல் ஜெட் போர் விமானமும் வாம்பயரே, 1948-ல் வந்தது. பெங்களூரு ஹெச்.ஏ.எல்.-லிலும் செய்தார்கள். 1965 செப்டம்பர் 1 அன்று சம்ப் பகுதியில் நான்கு வாம்பயர்களை இழந்த பிறகு அதை முன்வரிசையிலிருந்து விலக்கினார்கள். பாகிஸ்தானின் சேபர் ஜெட்டுகளுக்கு முன்னால் அதை அனுப்பியதே தவறு, அதற்கு இன்ஜின் என்ன செய்யும்? சுவிட்சர்லாந்தில் பயிற்சி வாம்பயர்கள் 1990 வரை பறந்தன. காப்ளினுக்குப் பின் வந்த, அதைவிடப் பெரிய கோஸ்ட் இன்ஜின், 1952-ல் பயணிகளை ஏற்றிய முதல் ஜெட் விமானமான காமெட்டில் போனது.

காப்ளினின் பலவீனத்தையும் சொல்லியாக வேண்டும். அந்த 1.27 மீட்டர் குறுக்களவு. கூடுதல் உந்துவிசை வேண்டுமென்றால் இம்பெல்லரைப் பெரிதாக்க வேண்டும், விமானத்தின் வயிறும் கூடவே பெருக்கும். வாம்பயர் ஒரு குட்டையான உருண்டையாக இருப்பது இதனால்தான். பின்னால் இரண்டு வால் தண்டுகள் இருப்பது வெளியேறும் குழாயைக் குட்டையாக வைக்க; அப்போதுதான் உந்துவிசை வீணாகாது. ஒலியின் வேகத்தைத் தாண்டப் போகிற விமானத்துக்கு இந்த உருவம் ஒத்துவராது. 1950-களில் ஆக்ஸியல் முந்தியதற்குக் காரணம் இதுவே, அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அதே ஃபிரான்ஸ் பின்னாளில் அமெரிக்காவின் லைகாமிங்கில் டி53 ஹெலிகாப்டர் இன்ஜினைச் செய்தபோது, ஐந்து ஆக்ஸியல் அடுக்குக்குப் பின்னால் ஒரு மையவிலக்கு இம்பெல்லரை வைத்தார். சின்ன இன்ஜின்களில் இன்றும் அந்த உருண்டைக்கு இடம் இருக்கிறது.

நான் சர்வீஸில் கைவைத்தவை எல்லாம் பிற்காலத்து இன்ஜின்கள். காப்ளினையும் ஜூமோவையும் ஸ்பேனரோடு தொட்டவன் இல்லை, படித்ததை வைத்தும் ஒத்த ரக இன்ஜின்களில் பட்டதை வைத்தும் பேசுகிறேன். த்ராட்டில் பற்றி நான் சொன்னதை ஓட்டியவர்கள் வேறு மாதிரி சொன்னால் அவர்களை நம்புங்கள்.

மாதிரி செய்யப் போகிறவர்களுக்கு நடைமுறையாக ஒன்று. இன்றைய இன்ஜினின் உருவத்தை மாணவர்களுக்குக் காட்டுவதுதான் நோக்கம் என்றால் ஜூமோவையே எடுங்கள், மூக்கில் இழுகயிறு வைக்க மறக்காதீர்கள், கூட்டம் அங்கேதான் நிற்கும். காற்று எங்கே அழுந்துகிறது, எங்கே எரிகிறது, எங்கே வேலை செய்கிறது என்பதை ஒரே பார்வையில் புரியவைக்க வேண்டுமென்றால் காப்ளின். பதினாறு எரியறைகளில் எட்டை வெட்டிக் காட்டினால் போதும், மீதியைத் தகட்டுக் குழாயில் ஒப்பேற்றலாம். ஜூமோவில் எட்டு அடுக்கு பிளேடையும் ஒவ்வொன்றாகச் செதுக்க வேண்டும். அதற்கு வேண்டிய பொறுமை எங்கள் கார்ப்பென்டரிடம் இல்லை, என்னிடமும் இல்லை.